இளஞ்சிவப்பு இருக்கை எங்கே போயிற்று? – வாசகர் கேள்வி பதில்

பார்வைக் குறைபாட்டைத் திரையில் சிமுலேஷன் செய்து பார்ப்பது பற்றி மென்பொருள் எழுதுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இந்த இதழில். கருவிகளின் பட்டியல்களில் உள்ள ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பேருந்து முன்பதிவுப் பக்கம் ஒன்றை எழுதுகிறேன். காலி இருக்கை வெள்ளை, பதிவானது சாம்பல், பெண்களுக்கு மட்டுமானது இளஞ்சிவப்பு. "சாம்பலும் இளஞ்சிவப்பும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்று பயணி ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். என் கண்ணுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அவர் பார்ப்பதை நான் பார்க்க முடியுமா? – வலைநிரலாளர், கோயம்புத்தூர்

முடியும், காசு செலவில்லாமல். குரோமில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைப் பெட்டி வரும். அதில் ரெண்டரிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, 'ஷோ ரெண்டரிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பலகையைக் கீழே உருட்டிக்கொண்டே போனால் 'எமுலேட் விஷன் டெஃபிஷியன்சீஸ்' என்றொரு பட்டியல் இருக்கும். 2020இல் வந்த 83ஆம் பதிப்பிலிருந்து குரோமில் இது உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பலகையின் மேலே 'சிமுலேட்' என்று இருக்கும். இரண்டிலும் முதலில் டியூட்டரனோபியாவை (பச்சை உணர்வே இல்லாத நிலை) போட்டுப் பாருங்கள். எஃப்12 பலகையை மூடினால் குரோமில் ஃபில்டரும் போய்விடும். அது தெரியாமல், 'சரியாகத்தானே இருக்கிறது' என்று சோதனையை முடித்துவிடுபவர்கள் உண்டு. மாலையில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியையும் முதலில் அணைத்துவிடுங்கள்.

இனி உங்கள் இருக்கைக்கு வருவோம். வழக்கமான இளஞ்சிவப்பு என்றால் சிவப்பு 255, பச்சை 192, நீலம் 203. டியூட்டரனோபியா ஃபில்டருக்குப் பின் அது 216, 213, 202 ஆகிறது. பதிவான இருக்கைக்கு எல்லோரும் போடும் வெளிர் சாம்பல் 211, 211, 211. ஃபில்டர் போட்டாலும் அது மாறாது. ஆக உங்கள் பயணி சொன்னது அப்படியே உண்மை, இரண்டும் சாம்பல்தான். வெளிச்ச அளவும் அவரைக் காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் 1.03:1 மட்டுமே. உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது முழுக்க முழுக்க நிறத்தால்.

வேறு நிறத்தைத் தேடி அலைய வேண்டாம். நீலம் போட்டால் இவருக்குத் தெரியும், கண்புரை உள்ள இன்னொருவருக்கு மங்கும். நிறத்தோடு வடிவமும் சேரட்டும். பதிவான இருக்கையில் குறுக்குக் கோடு, பெண்கள் இருக்கையில் பெண் உருவச் சின்னம், எல்லா இருக்கைக்கும் #767676 நிறத்தில் ஓர எல்லை. அந்தச் சாம்பலுக்கு வெள்ளைமேல் 4.54:1 கிடைக்கும், எல்லைக்கோடு, சின்னம் போன்றவற்றுக்கு இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) கேட்பது 3:1தான். உங்கள் இளஞ்சிவப்பு நிரப்புக்கு வெள்ளைப் பின்னணியில் கிடைப்பது வெறும் 1.54:1. ஸ்கிரீன் ரீடருக்கான (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பெயரில் '12' என்று மட்டும் எழுதாமல் '12ஆம் இருக்கை, பெண்களுக்கு மட்டும், காலி' என்று முழுதாக எழுதுங்கள்.

இந்த ஃபில்டர்கள் காட்டுவது முழுக் குறைபாட்டை. நிஜத்தில் அதிகம் இருப்பது பச்சை உணர்வு ஓரளவு மட்டும் குறைந்த டியூட்டரனாமலி. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு ஏதோ ஒரு வகையில் உண்டு. அதில் பெரும்பங்கு இந்த மிதமான வகை. மோசமான நிலையில் தேறும் வடிவமைப்பு மிதமான நிலையிலும் தேறிவிடும் என்பதால் ஃபில்டர் கடுமையாக இருப்பது நமக்கு நல்லதுதான். 'அவருக்கு உலகம் இப்படித்தான் தெரிகிறது' என்று மட்டும் மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக நானே ஒரு நிறக்குறைபாட்டு ஃபில்டர் எழுதினேன். மச்சாடோ குழு 2009இல் வெளியிட்ட அணியைத்தான் (மேட்ரிக்ஸ், அதாவது நிறத்தை மாற்றும் எண் அட்டவணை) பயன்படுத்தினேன். ஆனால் குரோமில் கடுகு நிறமாக வரும் சிவப்பு, என்னுடையதில் கரும்பழுப்பாக வருகிறது. அணியை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். – பொறியியல் மாணவி, சென்னை

அணி சரி. நீங்கள் பெருக்கிய எண்கள்தான் தவறு. படத்தில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் அளவு அல்ல. காமா வளைவில் (ஒளி அளவைத் திரைக்கான எண்ணாக்கும் கணக்கு) அழுத்தி வைக்கப்பட்டவை. அந்த அணியோ நேரியல் ஒளி அளவுக்கானது. ஒவ்வோர் எண்ணையும் 255ஆல் வகுத்து, காமாவை நீக்கி, அணியால் பெருக்கி, 0க்குக் கீழே போனதை 0ஆகவும் 1க்கு மேலே போனதை 1ஆகவும் வெட்டி, மீண்டும் காமா ஏற்றி, 255ஆல் பெருக்க வேண்டும்.

தூய சிவப்பை வைத்தே பார்க்கலாம். டியூட்டரனோபியா அணியின் முதல் நெடுவரிசை 0.367, 0.280, -0.012. காமா நீக்கிக் கணக்கிட்டால் 163, 144, 0 வரும். அதுதான் குரோமின் கடுகு. நேரடியாகப் பெருக்கினால் 94, 71, 0. அதுதான் உங்கள் பழுப்பு. இளஞ்சிவப்பு மாதிரி வெளிறிய நிறங்களில் இந்தப் பிழை இரண்டு மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும், கண்ணில் படாது. அதனால் எப்போதும் தூய சிவப்பையும் தூய பச்சையையும் வைத்துச் சோதியுங்கள். எஸ்விஜி ஃபில்டரின் நிற அணியைப் பயன்படுத்தினால், அது இயல்பாகவே நேரியல் வெளியில்தான் கணக்கிடும். காமா வேலை உங்களுக்கு இல்லை.

ஃபில்டர் சரியானதும் புரோட்டனோபியா அணியில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை ஓட்டிப் பாருங்கள். கணக்குப்படி அந்த எழுத்துக்கு 5.25:1 உண்டு. 4.5:1 கேட்கும் தானியங்கிச் சோதனையில் அது தேறிவிடும். ஆனால் சிவப்பு உணர்வு இல்லாதவருக்குச் சிவப்பே இருண்டுதான் தெரியும். அவருக்குக் கிடைப்பது சுமார் 3.3:1. இரவு நிறத் திரைகளில் (டார்க் மோட்) பிழைச் செய்தியைச் சிவப்பில் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

கேள்வி: குரோமில் 'ப்ளர்ட் விஷன்' போட்டால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. இது எத்தனை சதவீதப் பார்வை? 6/60 உள்ளவருக்கு இப்படித்தான் தெரியுமா? – மென்பொருள் சோதனையாளர், சேலம்

அது ஒரே நிலையான மங்கல். எந்த மருத்துவ அளவோடும் பொருத்தப்பட்டதல்ல, கூட்டவோ குறைக்கவோ முடியாது. அளவோடு வேண்டுமென்றால் நீங்களே அளந்துகொள்ளலாம். அரை மணி நேர வேலைதான்.

6/6 பார்வை என்பது, கண்ணில் 5 கோண நிமிடம் (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்) அளவு விழும் எழுத்தை அடையாளம் காண்பது. 6/60 என்றால் அதைப்போல் பத்து மடங்கு, 50 கோண நிமிடம். திரை கண்ணிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால் 6/6க்கு 0.73 மி.மீ. உயரம் போதும். 6/18க்கு 2.2 மி.மீ., 6/60க்கு 7.3 மி.மீ. வேண்டும். முதலில் 100 பிக்சல் அகலத்தில் ஒரு கட்டம் வரைந்து, ஸ்கேலை வைத்து அது எத்தனை மி.மீ. என்று அளங்கள். மடிக்கணினிக்கு மடிக்கணினி இது மாறும். இந்த அளவைத் தவிர்த்தால் கணக்கு முழுவதும் வீண்.

பிறகு 7.3 மி.மீ. உயரத்தில் ஒரு வரிசையும் 5 மி.மீ. உயரத்தில் ஒரு வரிசையும், கண் மருத்துவமனையில் காட்டுவது மாதிரி நாலு பக்கமும் திரும்பிய 'ஈ' வடிவங்களை வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் சிஎஸ்எஸ்ஸின் 'ப்ளர்' ஃபில்டரைப் போட்டு, மங்கலை 2 பிக்சலில் தொடங்கி அரை அரை பிக்சலாகக் கூட்டுங்கள். பெரிய வரிசையில் திசை தட்டுத்தடுமாறித் தெரியவேண்டும், சிறிய வரிசையில் தெரியக்கூடாது. அந்த இடம்தான் உங்கள் திரையில், உங்கள் தூரத்தில், 6/60ஐ ஒட்டிய மங்கல். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு சோதனை செய்ய வேண்டிய பக்கத்தில் போடுங்கள். மங்கல் ஃபில்டரைப் பாடி குறிச்சொல்லில் போடாதீர்கள். அங்கே போட்டால் திரையில் ஒட்டி நிற்க வேண்டிய மேற்பட்டையும் மிதக்கும் பொத்தானும் இடம் மாறிவிடும். இல்லாத பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் எச்டிஎம்எல் குறிச்சொல்லில் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

தமிழ் இடைமுகம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மங்கலில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 16 பிக்சல் எழுத்தில் அது எழுத்துருவைப் பொறுத்து ஒன்றிரண்டு பிக்சல்தான் இருக்கும். அடுத்துப் போவது ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம், அதற்கடுத்து மூன்று சுழியும் இரண்டு சுழியும். 'அணை' என்று ஒரு பொத்தானும் பக்கத்திலேயே 'அனைத்தும்' என்று இன்னொன்றும் இருந்தால், தொடக்கம் இரண்டிலும் ஒன்றாகத்தான் தெரியும். ஆங்கிலத் திரைக்கு வைத்த எழுத்தளவையே தமிழுக்கும் வைத்தால் இங்கேதான் அடிபடும். புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், தமிழ்த் திரைக்கு அளவை ஒரு படி ஏற்றுங்கள். அருகருகே இருக்கும் பொத்தான்களின் பெயர்கள் முதல் எழுத்திலேயே வேறுபடட்டும்.

'இப்படித்தான் தெரியுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். 6/60 பார்வையோடு வாழ்பவர் 50 செ.மீ. தள்ளி உட்கார்ந்து முழிக்கமாட்டார். முகத்தைத் திரையருகே கொண்டுபோவார், அல்லது பெரிதாக்குவார். தூரத்தைப் பாதியாக்கினாலே எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்கு. ஆகவே மங்கல் ஃபில்டரை விட்டுவிட்டு அவர் செய்வதையும் செய்து பாருங்கள். உலாவியின் சாளரத்தை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து, கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தி 400 சதவீதத்துக்குப் போங்கள். பக்கம் 320 பிக்சல் அகலமுள்ள ஒற்றைப் பத்தியாகச் சுருங்க வேண்டும். பக்கவாட்டில் உருட்ட வைத்தால் பிழை. ஒட்டி நிற்கும் மேற்பட்டை பாதித் திரையை விழுங்கிக்கொண்டு நிற்பது இங்கே அடிக்கடி அகப்படும். எங்கள் அனுபவத்தில் ஃபில்டரைவிட இந்த ஒரு சோதனையில்தான் பிழைகள் அதிகம் சிக்கும்.

கேள்வி: கிளாக்கோமாவுக்குக் கறுப்பு வளையம், நடுவில் ஓட்டை என்று எல்லாப் படங்களிலும் காட்டுகிறார்களே, அப்படியே செய்யலாமா? – இடைமுக வடிவமைப்பாளர், திருச்சி

கறுப்பு வேண்டாம். பக்கப்பார்வை போனவருக்கு அங்கே கறுப்புத் திரை தொங்குவதில்லை. இல்லாத பகுதியை மூளை இட்டு நிரப்பிவிடும். 'எதுவும் குறையவில்லை' என்றே தோன்றும். அதனால்தான் கிளாக்கோமா பல ஆண்டுகள் தெரியாமலே வளர்கிறது. கறுப்பு வளையம் போட்டால், 'இங்கே ஏதோ மறைந்திருக்கிறது' என்று உங்களுக்கு அது சொல்லிவிடுகிறது. நோயாளிக்கு அந்தத் தகவல் கிடையாது.

பக்கத்தின் மேல் முழுத்திரைக்கும் ஒரு படலம் விரித்து, அதைப் பக்கத்தின் பின்னணி நிறத்திலேயே நிரப்புங்கள். நடுவில் வட்டமாகத் திறந்து, ஓரத்தை 60 பிக்சல் அளவுக்குப் படிப்படியாகக் கரையவிடுங்கள். வட்டம் மவுஸைத் தொடர வேண்டும். படலம் சொடுக்குகளை வாங்கிக்கொள்ளாதபடி 'பாயின்டர் ஈவன்ட்ஸ்' பண்பை 'நன்' ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. வட்டத்தின் அளவு: 10 பாகை பார்வைப்புலம் என்றால் 50 செ.மீ. தூரத்தில் 8.75 செ.மீ. விட்டம், அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள திரையில் சுமார் 330 பிக்சல். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைப்புலம் 10 பாகைக்குக் கீழே போனால் பார்வையின்மை என்றே கணக்கில் எடுக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். 'சமர்ப்பி' கீழே இடது பக்கம், 'கடவுச்சொல் தவறு' என்ற செய்தி மேலே வலது மூலையில் மூன்று விநாடி தோன்றி மறைகிறது என்றால், உங்களுக்கு அது வந்ததே தெரியாது. திரைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். 8 மடங்கு பெரிதாக்கினால் ஒரே சமயத்தில் தெரிவது திரையில் 64இல் ஒரு பங்கு. செய்தியைத் தவறு நடந்த கட்டத்தின் அடியிலேயே போடுங்கள், தானாக மறைய விடாதீர்கள்.

நடுப்பார்வை போகும் விழித்திரை மையச் சிதைவுக்கு இந்த மவுஸ் முறை அவ்வளவாக ஒத்துவராது. அந்த மறைப்பு கண்ணோடு நகர்வது. எங்கே பார்த்தாலும் பார்க்கும் இடமே மறையும். மவுஸ் வட்டத்தை நீங்கள் கண்ணால் சுற்றிப்போய்விடுவீர்கள். கண்ணசைவு அறியும் கருவி இருந்தால் மட்டும் முயலுங்கள்.

கேள்வி: 'அக்ரோமடோப்சியா' ஃபில்டரில் எங்கள் செயலி அழகாகவே இருக்கிறது. நிறமே தெரியாதவருக்கும் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? – மதுரை வாசகர்

கூடாது. அந்த ஃபில்டர் நிறத்தை மட்டும் உருவும். நிஜமான முழு அக்ரோமடோப்சியாவில் கூம்புச் செல்கள் வேலை செய்யாததால் பார்வைக் கூர்மையும் பெரும்பாலும் 6/60ஐ ஒட்டித்தான் இருக்கும், வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். வெள்ளைப் பின்னணியே அவருக்குத் தொல்லை. இரவு நிறத் திரை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி, நிறத்தை மட்டும் நம்பிய இடங்களைப் பிடிக்க இந்த ஃபில்டர் அருமையான சல்லடை.

கேள்வி: போன் செயலிக்கு இதெல்லாம் எப்படி? – திருநெல்வேலி வாசகர்

ஆண்ட்ராய்டில் 'பில்ட் நம்பர்' வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதற்குள் 'சிமுலேட் கலர் ஸ்பேஸ்'. அணுகல் வசதிகளில் இருக்கும் 'கலர் கரெக்‌ஷன்' வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குறைபாடு உள்ளவருக்கு உதவ நிறத்தை மாற்றுவது. சிமுலேஷன் திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் நடப்பதால் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் பழைய நிறத்திலேயே வரும்.

மங்கலுக்கு, கடையில் கிடைக்கும் மலிவான பாதுகாப்புக் கண்ணாடியின் உட்பக்கம் பட்டர் பேப்பரோ சுருக்கமில்லாத பாலித்தீனோ ஒட்டுங்கள். ஒரு படலம், இரண்டு படலம் என்று இரண்டு கண்ணாடிகளாகச் செய்து, 6 மீட்டர் தூரத்தில் கண் பரிசோதனை அட்டையை வைத்து எந்த வரிவரை தெரிகிறது என்று கண்ணாடியின் காதிலேயே எழுதிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு நண்பகல் வெயிலில் நின்று செயலியைத் திறங்கள். அறைக்குள் தேறிய #767676 எழுத்து வெளியே என்ன ஆகிறது என்று தெரியும். மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், படியேறாதீர்கள்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோர் கண்ணையும் கட்டி ஒரு மணி நேரம் செயலியைப் பயன்படுத்த வைக்கலாம் என்கிறார் எங்கள் மேலாளர். 'அனுதாபம் வரும்' என்பது அவர் வாதம். – திட்டப் பொறுப்பாளர், ஓசூர்

வரும், ஆனால் வேண்டாத வகையில். கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் முடியும் என்பதையே முன்னைவிடக் குறைவாக மதிப்பிட்டதாக ஆய்வே வந்திருக்கிறது. காரணம் எளிது. கட்டிய முதல் பத்து நிமிடத்தில் தெரிவது பார்வையிழந்த முதல் நாளின் தடுமாற்றம் மட்டுமே. பல ஆண்டுகளாக ஸ்கிரீன் ரீடரை நாம் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்டு வேலை செய்பவரின் திறமை அதில் துளியும் தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தை வேறு மாதிரி செலவிடுங்கள். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவை நிறுவி, முதல் 30 நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே பழகட்டும். எச் விசை அடுத்த தலைப்புக்கு, கே அடுத்த இணைப்புக்கு, டேப் அடுத்த பொத்தான் அல்லது கட்டத்துக்கு. இன்செர்ட்டும் எஃப்7உம் சேர்ந்தால் பக்கத்திலுள்ள இணைப்புகள், தலைப்புகளின் பட்டியல். அதன்பின் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, 'நாளை இரவுப் பேருந்தில் ஓர் இருக்கை பதிவு செய்' என்பது போல் ஒரே ஒரு வேலை. எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள், எப்படி உணர்ந்தார்கள் என்பதை அல்ல. 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று பெயரில்லாமல் படித்தால் அது பிழை. தமிழ் உரையை ஆங்கிலக் குரல் உளறினால், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஒரே வரித் திருத்தம். ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்குக்கு, குறுக்குவழியை அமைப்புகளில் இயக்கி வைத்தால், இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் போதும்.

இவற்றைத் திருத்திய பிறகு பார்வையற்ற பயனர் ஒருவரைச் சோதனைக்கு அழையுங்கள். தேதியை முன்கூட்டியே குறித்து, மற்ற சோதனையாளருக்குத் தரும் கட்டணத்தையே தாருங்கள். உங்கள் கணினியில் உட்காரவைக்காமல் அவருடைய கருவியில், அவர் வைத்திருக்கும் பேச்சு வேகத்திலேயே செய்ய விடுங்கள். என்ன பேசுகிறது என்று உங்களுக்குப் புரியாது. ஒலியைப் பதிவு செய்துகொண்டு பிறகு மெதுவாக ஓட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.